பேராசிரியர் பம்பாய்க்குப் போகவில்லை

சி.டி. ஸ்கேன் படம் ஒன்றை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு, பெயர் அச்சாகியிருந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இதைப் படிச்சுச் சொல்லு அம்மணி" என்றார் பேராசிரியர். புறநோயாளிப் பிரிவு தொடங்குவதற்கு முந்தைய நேரம். வெளியே வராந்தாவில், தாராபுரத்திலிருந்தும் பல்லடத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் பெஞ்சுகளில் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். படம் படிப்பது எங்களுக்குள் வழக்கம்தான். ஆள் யார், என்ன வயது, எந்த ஊர் என்று எதுவும் தெரியாமல் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆளைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கண் இரக்கப்பட ஆரம்பித்துவிடும் என்பார். நான் படித்தேன். சிறுநீர்ப்பையின் இடப்பக்கச் சுவரில் ஒரு கட்டி. அந்த இடத்தில் சுவர் தடித்துப் போயிருந்தது. "ஆழமாப் போயிருக்கற மாதிரி தெரியுதுங்க சார். உள்ளே குழாய் விட்டுப் பாத்து, துளி சதை எடுத்துச் சோதிக்கோணும். தசைக்குள்ள இறங்கியிருந்தா பையையே எடுத்தரோணும்" என்றேன். "வெளியே பரவியிருக்குதா?" என்று கேட்டார். "படத்துல தெரியலைங்க." "அப்ப இன்னும் நேரம் இருக்குது" என்று சொல்லிக் கட்டைவிரலை எடுத்தார். மூலையில் அவருடைய பெயர் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோயமுத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரக அறுவைச் சிகிச்சைத் துறைக்கு அவர் தலைவர். நான் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த இணைப் பேராசிரியை. அவர் தாராபுரம் பக்கம் அமராவதிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பத்துப் பிள்ளை. நான் சத்தியமங்கலத்துக்காரி. இங்கிலாந்தில் படித்து, அங்கேயே நல்ல வேலையும் கிடைத்த பிறகு, அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர் அவர். திரும்பியபோது எங்கள் துறை என்ற ஒன்றே கிடையாது. பொது அறுவை வார்டின் ஓரத்தில் சில கட்டில்களை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து தொடங்கித் தனி வார்டு, தனி அறுவை அரங்கு, மேற்படிப்பு என்று ஒவ்வொன்றையும் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி வாங்கினார். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கேட்டது கிடைக்கும்வரை டீனின் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதான். "ஏனுங்க, மறுபடியும் வந்துட்டீங்களா?" என்று டீன் கேட்டால், "நீங்க குடுக்கற வரைக்கும் வாரேனுங்க" என்று சிரிப்பார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் ஒன்றுதான். சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகத்திலோ புற்றுநோய் என்று தெரிந்தால், அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் சென்னைக்கோ பம்பாய்க்கோ போக வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். வசதி உள்ளவர்கள் போனார்கள். மற்றவர்கள் காடுகரையையோ மாட்டையோ விற்றுவிட்டுப் போனார்கள். அல்லது போகாமலே வீட்டில் கிடந்து இறந்தார்கள். பெரிய கூட்டங்களில் கட்டுரை படிக்க அழைப்பு வந்தால் பேராசிரியர் மகிழ்ச்சியாகப் போய்வருவார். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் அவரைத் தேடிவந்து பேசுவார்கள். ஆனால் அந்தப் பெருமையெல்லாம் ரயிலை விட்டு இறங்கியதும் முடிந்துபோகும். திருப்பூரிலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளியிடமும், "சாயப்பட்டறையில வேலை செஞ்சீங்களா?" என்று அவர் கேட்காமல் விட்டதில்லை. சாயத்துக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள உறவு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் சாயப்பட்டறைக்குள் கால் வைத்ததில்லை. இங்கிலாந்துக் குளிரில் பழகிய, அதே நோயைக் கொண்டுவரும் சிகரெட்டை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. "விட்டது நானுதான். அது என்னைய விடலை" என்று பின்னால் ஒருமுறை சொன்னார்.

சோதனைக்கான சதையை நானே எடுத்தேன். அறிக்கை வந்தது. கட்டி தசைக்குள் இறங்கியிருந்தது. அதை அவர் மேசையில் வைத்தபோது படித்துவிட்டு மடித்து வைத்தார். "சிறுநீர்ப்பையை எடுத்துப்போட்டு, குடல்ல ஒரு துண்டை வெட்டி, மூத்திரம் போக வயித்துல வாசல் வெச்சுரு. வெளியே பை கட்டிக்கறேன். நம்ம ஆளுகளுக்கு என்ன செய்யறமோ, அதையே செய்" என்றார். நான் புரியாதவள் போல, "யாருங்க சார் செய்யறது?" என்று கேட்டேன். "நீதான்" என்றார்.

என்னால் முடியாது என்றேன். பம்பாயில் அவருடைய நண்பர்களே இருக்கிறார்கள், இங்கிலாந்தில் அவரோடு படித்தவர்கள் இருக்கிறார்கள், ஒரு ஃபோன் போதும் என்றெல்லாம் அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டார். "நான் அங்க போய்ப் படுத்தா நல்லாத்தான் பாப்பாங்க. ஆனா நாளைக்கு அந்த வராந்தாவுல உக்காந்திருக்கறவன் என்ன நெனைப்பான்? பெரிய டாக்டரே தனக்குன்னு வந்தா பம்பாய்க்குப் போறாரு, நம்மளை மட்டும் இங்க படுக்கச் சொல்றாருன்னு நெனைப்பான். இத்தனை வருசம் நான் சொன்னதெல்லாம் பொய்யாப் போயிரும் அம்மணி." நான் என் கைகளை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டு, "உங்களுக்குச் செய்யறப்ப கை நடுங்கிருச்சுன்னா?" என்றேன். "உன் கையை நான் எத்தனை வருசமாப் பாக்கறேன். எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?" என்று கேட்டுவிட்டு, புறநோயாளிகளைப் பார்க்க எழுந்து போனார். ஒரு நோயாளியைக்கூட அன்று அவர் என்னிடம் தள்ளிவிடவில்லை.

செய்தி வீட்டுக்குத் தெரிந்ததும் அவருடைய மனைவியின் அண்ணன் வந்தார். அவிநாசிச் சாலையில் மில் வைத்திருந்தவர்; சொன்ன சொல்லை யாரும் தட்டிப் பழக்கமில்லாதவர். துறைத்தலைவர் அறையில் நானும் இருக்கும்போதே, "ஏனுங்க மாப்ளே, பம்பாய்க்கு எல்லா ஏற்பாடும் செஞ்சுபோட்டேன். நீங்க கிளம்புனாப் போதுமுங்க" என்றார். "சிரமம் வேண்டாமுங்க மச்சான். இங்கயே பாத்துக்கறோம்" என்றார் பேராசிரியர். "இங்க யாருங்க இருக்கறாங்க?" பேராசிரியர் என்னைக் காட்டினார். மில்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அம்மணி தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அதற்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் மாலை ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டுக்குப் பேராசிரியரின் மனைவி வந்தார். நான் அக்கா என்றுதான் அவரை அழைப்பேன். எப்போது வந்தாலும் நேராகச் சமையலறைக்குள் வந்து பேச்சை ஆரம்பிப்பவர், அன்று கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. "நீ முடியாதுன்னு சொல்லிப்போடு கண்ணு. நீ மாட்டேன்னுட்டா அவருக்கு வேற வழியில்லை, போயிருவாரு" என்றார். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மறுத்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. தோற்றாலும் பழி பம்பாயில் இருக்கும். என் தயக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கொஞ்ச நேரம் கழித்து வேறொரு குரலில் கேட்டார். "அதை விடு. அவரு உனக்கு யாரோ ஒரு நோயாளின்னு வெச்சுக்கோ. உன்னால முடியுமா, முடியாதா? அதை மட்டும் மறைக்காமச் சொல்லு."

"முடியுங்க அக்கா" என்றேன். அந்தப் பதில் எனக்குள்ளிருந்து அவ்வளவு சீக்கிரம் வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. எத்தனையோ பேருக்குச் செய்த அறுவை. அதில் எங்கே ரத்தம் வரும், எங்கே குடல் இழுக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பச் செய். எங்கண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பினார். அன்றைக்குத்தான் நான் முடிவெடுத்தேன் என்று சொல்ல வேண்டும்.

அறுவை நாளன்று பேராசிரியர் சக்கர நாற்காலியை வேண்டாமென்று சொல்லி, நடந்தே அரங்குக்கு வந்தார். மயக்க மருந்து நிபுணர் அவருக்குப் பழைய நண்பர். "நீங்க பேசாமப் படுத்தாலே பாதி வேலை முடிஞ்சுதுங்க" என்று அவர் கிண்டல் செய்ய, பேராசிரியர் சிரித்தபடியே மயக்கத்துக்குள் போனார். பச்சைத் துணியால் உடலை மூடி, வயிற்றில் ஒரு சதுரம் மட்டும் திறந்திருந்தபோது, அது அவர் என்பது எனக்கு மறந்துபோனது. அல்லது மறந்துவிட்டேன் என்று என்னை நம்பவைத்துக்கொண்டேன். இடுப்புக் குழியின் ஆழத்தில் சிறுநீர்ப்பையைப் பிரித்தெடுக்கும்போது ஒரு ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் பொங்கியது. குழி நிறைந்து, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. உதவிக்கு நின்ற இளம் மருத்துவரின் மூச்சு மாறியது எனக்குக் கேட்டது. இப்படி ஆகும்போதெல்லாம், "முதல்ல அழுத்து. யோசிக்கறதை அப்புறம் வெச்சுக்கலாம்" என்பார் பேராசிரியர். துணிச்சுருளை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெதுவாகத் துணியை விலக்கி, கசிந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தைத்தேன். என் கை நடுங்கவில்லை. அது எனக்கே வியப்பாக இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் கடந்து, அவருடைய தொப்புளுக்கு வலப்புறம், குடலின் முனையை ஒரு சிவந்த மொட்டுப் போல வெளியே எடுத்து வைத்துத் தைத்தபோதுதான், கால் வலிப்பதே எனக்குத் தெரிந்தது.

அதோடு முடிந்துவிடவில்லை. சில நாட்கள் குடல் அசையவே இல்லை. வயிறு உப்பி, காய்ச்சலும் வந்தது. மில்காரர் தினமும் காலையில் வந்து என் அறை வாசலில் நின்றார். ஒன்றும் கேட்கமாட்டார். நிற்பார். மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்குமோ என்று நான் பயந்துகொண்டிருந்த நாளில், பேராசிரியரே என் கையைத் தன் வயிற்றின் மேல் எடுத்து வைத்து, "கடமுடன்னு சத்தம் கேக்குது பாரு" என்றார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். குடல் இரைந்தது. அந்தச் சத்தத்துக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். எடுத்த சதையின் அறிக்கையும் வந்தது. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை, நிணநீர் முடிச்சுகளிலும் இல்லை. மில்காரர் அன்று வாசலைத் தாண்டி உள்ளே வந்து, "நல்லாச் செஞ்சிருக்கறீங்க அம்மணி" என்று கைகூப்பினார். நானும் கைகூப்பினேன்.

அதற்குப் பிறகு பேராசிரியர் நீண்ட காலம் இருந்தார். கடைசியில் இதயம்தான் அவரைக் கொண்டுபோனது, புற்றுநோய் அல்ல. இப்போது நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் ஊரில் இன்று எந்திரக் கையால் இதே அறுவையைச் செய்கிறார்கள். குடலிலிருந்தே உள்ளுக்குள் புதுப் பை தைத்துவிடுகிறார்கள். சென்னையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். பம்பாய்க்குப் போவதா என்று யாரும் கேட்பதில்லை. இதையெல்லாம் பார்க்கிற இளம் மருத்துவர்கள், பேராசிரியரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால், அவர் படித்த கட்டுரைகளையோ வாங்கிய பதக்கங்களையோ நான் சொல்வதில்லை. அவர் வேலைக்குத் திரும்பிய வாரத்தில் நடந்ததைச் சொல்வேன்.

கொடுமுடிப் பக்கத்து விவசாயி ஒருவர், இதே நோய், அறுவைக்கு மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். "மூத்திரப் பையைத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள எப்படிங்க நடக்கறது? செத்துப் போறனுங்க, உட்ருங்க" என்பதுதான் அவர் பேச்சு. மகனும் மருமகளும் அழுதுபார்த்து ஓய்ந்திருந்தார்கள். வார்டைச் சுற்றி வந்த பேராசிரியர் அவர் கட்டிலருகே நின்றார். மற்றவர்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சட்டையை மேலே தூக்கினார். வயிற்றில் ஒட்டியிருந்த பையையும், அதில் பாதியளவு நிறைந்திருந்த சிறுநீரையும் அந்த விவசாயி வாய் திறந்து பார்த்தார்.

"வலிக்குங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. முதல்ல கொஞ்ச நாள் கூச்சமா இருந்துது. இப்ப மறந்தே போகுதுங்க."

"வேட்டி கட்டலாமுங்களா?"

"நான் பேண்ட்டே போட்டிருக்கறனே. வேட்டிக்கு என்னங்க?"

"தண்ணி கட்டப் போகலாமுங்களா?"

"தாராளமாப் போலாமுங்க. வரப்புல உக்காந்து பைய மட்டும் காலி பண்ணிக்கோணும்."

விவசாயி பையை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு, "உங்களுக்கு எந்த ஊருலீங்க செஞ்சாங்க?" என்று கேட்டார். "இந்த ஊருலதானுங்க. பக்கத்து ரூம்புலதான். இந்த அம்மணிதான் செஞ்சுது" என்று பேராசிரியர் என்னைக் காட்டினார். விவசாயி என்னைப் பார்த்தார். மில்காரர் பார்த்ததைப் போலவே ஏற இறங்கத்தான் பார்த்தார். "அப்ப எனக்கும் இவங்களே செய்யட்டுங்க" என்றார்.

அடுத்த வாரம் செய்தேன். அன்று காலை கை கழுவிக்கொண்டு அரங்குக்குள் போனபோது, எனக்கு எதிரில், வழக்கமாக இளம் மருத்துவர் நின்று வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் இடத்தில், பேராசிரியர் அங்கி மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். "பெரிய வேலை பாக்க இன்னும் தெம்பு வரலை. விரிச்சுப் புடிக்கத் தெம்பு இருக்குது" என்றார். கத்தியை என் கையில் கொடுக்கும்படி நர்ஸிடம் தலையசைத்தார்.