மூன்றாவது தடவை கேட்கவில்லை

போன மாதம் மலைமேல் இருக்கும் சோளக்காடு என்கிற ஊரிலிருந்து கீழே இறங்குகிற பஸ்ஸில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் காலடியில் ஒரு பலாப்பழத்தை வைத்திருந்தார். நன்றாகப் பழுத்த பழம். வளைவுக்கு வளைவு அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது, கூடவே வாசனையும் உருண்டது. பக்கத்து இருக்கைப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ அந்த வாசனை வந்தால் சென்னையில் ஒரு கல்லூரி முதல்வரின் அறை நினைவுக்கு வந்துவிடும். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைப்பீர்கள். முடிச்சைப் போட்டவர் என் அப்பா, நானல்ல.

நான் சொல்வது வெள்ளைக்காரன் காலம். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. திருப்புலி நாட்டில் எங்கள் ஊரிலிருந்து அடிவாரத்துக்கு நடந்துதான் இறங்க வேண்டும். இறங்கும்போது முழங்கால் பேசும், ஏறும்போது மூச்சு பேசும். அப்படி ஏறி இறங்கி எப்படியோ பள்ளிக்கூடத்தை முடித்துச் சேலத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். அந்த ‘எப்படியோ’வுக்குள் தனியாக ஒரு பாரதம் இருக்கிறது, அது கிடக்கட்டும்.

சேலத்துக் கல்லூரியை இரண்டாந்தரக் கல்லூரி என்பார்கள். வசவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த மாதிரிக் கல்லூரிகளுக்கு அப்போது வழங்கிய பெயரே அதுதான். இன்டர்மீடியட் என்கிற இரண்டு வருஷப் படிப்போடு அங்கே கதவைச் சாத்திவிடுவார்கள். மேலே படிக்க ஆசைப்படுகிறவன் டி.சி.யை வாங்கிக்கொண்டு ஏதாவது பெரிய கல்லூரி வாசலில் போய் நிற்க வேண்டும். பெரிய கல்லூரிக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் போக மிச்சமிருந்தால் நம்மைப் பார்ப்பார்கள்.

எனக்குக் கணக்கில் பைத்தியம். சாமைக் காட்டில் குருவி விரட்ட அனுப்பினால், மண்ணில் வட்டமும் முக்கோணமும் கீறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குருவிகள் வயிறாரத் தின்றுவிட்டு, போதும் என்று தோன்றும்போது அவையாகவே போகும். அந்தப் பைத்தியத்துக்கு ஏற்ற இடமாகச் சென்னையில் ஒரு கல்லூரியில் கணித ஆனர்ஸ் வகுப்பு இருந்தது. அதில் சேர வேண்டும் என்பதைத் தவிர அந்த இரண்டு வருஷமும் எனக்கு வேறு நினைப்பே இருந்ததில்லை.

சேலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் பொன்னுசாமி. அடிவாரத்தில் சேந்தமங்கலத்துப் பக்கம். அவனுக்கும் அதே ஆனர்ஸ் ஆசை. வந்த புதிதில் அவன் வீட்டிலிருந்து வந்த முறுக்கை நீட்டி, “வேணுமாடா?” என்றான். “வேண்டாம்” என்றேன். சரி என்று டப்பாவை மூடிவிட்டான். எனக்கு நாக்கில் எச்சில் ஊறிக் கிடந்தது. ஒரு மாதம் இப்படியே முறுக்கும் அதிரசமும் என் கண்ணெதிரே காலியாயின.

காரணம் இதுதான். எங்கள் பக்கத்தில் எதையும் முதல் கேள்விக்குச் சரி என்று சொல்லக்கூடாது. இரண்டாவது கேள்விக்கும் சொல்லக்கூடாது. மூன்றாவது முறை கேட்டால்தான் தலையாட்டலாம். சோறானாலும் பெண்ணானாலும் அதே சட்டம். வீம்பு என்று கீழ்நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சாமை அறுப்புக்கு முந்தின மாதங்களில் மலையில் பாதி வீடுகளில் பானை காலியாகத்தான் இருக்கும். வந்தவனை ‘சாப்பிடுங்க’ என்று கேட்காமல் இருக்கவும் முடியாது. முதல் ‘வேண்டாம்’, சாப்பிடக் கூப்பிட்டவனைத் தப்பிக்க விடுவதற்கு. இரண்டாவது, அவன் பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொள்வதற்கு. அதற்கு மேலும் ஒருத்தன் கேட்டால் பானையில் நிஜமாகவே சோறு இருக்கிறது என்று அர்த்தம்.

இதைச் சொன்ன பிறகு பொன்னுசாமி, “வேணுமா, வேணுமா, வேணுமா?” என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு டப்பாவை நீட்டுவான். நல்ல பயல்.

இன்டர்மீடியட் தேறினோம். என் மார்க்கு அவனைவிடக் கொஞ்சம் கூட. சென்னையிலிருந்து எங்கள் இருவரையும் நேரில் வரச் சொன்னார்கள். அப்பா, “நானும் வாரேன்” என்றார். கூடவே எங்கள் காட்டிலேயே பெரிய பலாப்பழத்தை அறுத்துத் துண்டில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

“இது எதுக்குங்கப்பா?”

“படிப்புக் குடுக்கறவங்களப் பாக்கப் போறம். வெறுங்கைய வீசிக்கிட்டா போறது?”

மலையிலிருந்து அதைத் தலையிலேயே சுமந்து இறங்கினார். சேலத்தில் ரயில் ஏறும்போது காயாகத்தான் இருந்தது. ஜோலார்பேட்டை தாண்டியதும் பழுக்க ஆரம்பித்துவிட்டது. காட்பாடியில் எதிர்ச் சீட்டுக்காரர் வேறு பெட்டிக்குப் போய்விட்டார். பொன்னுசாமியும் நானும் யாரோ எவரோ போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

கல்லூரியில் அப்பாவை வாசல் மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனோம். முதல்வர் வெள்ளைக்காரர். நல்ல மனிதர், கணக்கில் சில கேள்விகள் கேட்டார், நான் சொன்ன பதிலுக்கு முகம் மலர்ந்தார். பிறகு எங்கள் இருவரையும் சேர்த்து நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னார். வெளிக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களுக்கு ஆனர்ஸில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம். மார்க்குப்படி அது எனக்கு. “இந்த இடம் உனக்கு வேண்டுமா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

இரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் வாய் மலையில் வளர்ந்த வாய். “என் நண்பனுக்குக் கொடுங்கள் ஐயா, அவனும் தகுதியானவன்தான்” என்று இங்கிலீஷில் சுத்தமாகச் சொன்னேன்.

அவர் புருவத்தைத் தூக்கினார். “நிச்சயமாகத்தான் சொல்கிறாயா? உனக்கு வேண்டாமா?”

இரண்டாவது கேள்வி வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. இரண்டு தடவை கேட்டவர் மூன்றாவது தடவை கேட்காமலா போய்விடுவார்? “அவனுக்கே கொடுங்கள் ஐயா” என்றேன்.

பக்கத்தில் நின்ற பொன்னுசாமிக்கு மட்டும் அந்த அறையில் எல்லாம் தெரியும். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. அவன் இடத்தில் இருந்திருந்தால் நானும் கூரையைத்தான் பார்த்திருப்பேன்.

முதல்வர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு நட்பைத் தாம் பார்த்ததே இல்லை என்றார். பிறகு பொன்னுசாமியிடம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அவன் “யெஸ் சார்” என்றான்.

வெளியே வந்தேன். அப்பா எழுந்து பழத்தைத் தூக்கப் போனார்.

“கேட்டாங்களா கண்ணு?”

“கேட்டாங்கப்பா. ரெண்டு தடவ.”

“மூணாவது?”

“கேக்கலீங்க.”

அப்பா பழத்தைக் கீழே வைத்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பெரிய மனுசங்க, ஆயிரம் சோலி இருக்கும். மறந்திருப்பாங்க. செத்த இருந்து பாப்பம், கூப்புட்டு விட்டாலும் விடுவாங்க” என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். நம்ப மாட்டீர்கள், நானும் நம்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். மாலையில் முதல்வரின் கார் எங்களைக் கடந்து போனது. உள்ளேயிருந்து அவர் எனக்குக் கையை ஆட்டினார்.

“மனசில்லாதவங்ககிட்ட நாம என்ன பண்றது? வா சாமி, போலாம்” என்றார் அப்பா. பலாப்பழத்தைத் திரும்பக் கொண்டுபோக முடியாது. வாசல் காவல்காரரிடம், “இத வச்சுக்கறீங்களா?” என்று கேட்டார். “குடுங்க” என்று அவர் உடனே வாங்கிக்கொண்டார். ரயில் சேலம் வந்து சேரும்வரை அப்பா அந்தக் காவல்காரரைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். “ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாங்கல பாரேன்!”

திருச்சியில் சாதாரண பி.ஏ.வில் இடம் கிடைத்தது. படித்தேன். சர்வே ஆபீஸில் வேலை கிடைத்தது. காட்டையும் மேட்டையும் அளந்து காலம் போயிற்று. குறையொன்றுமில்லை என்று எல்லோரிடமும் சொல்வேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தக் கணக்கு வகுப்புக்குப் போகாதது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உலகச் சண்டைக் காலத்தில், சீமையெண்ணெய்க்கு ஊரே அலைந்துகொண்டிருந்தபோது, குண்டனி நாட்டிலிருந்து என் தங்கையைப் பெண் கேட்டு வந்தார்கள். நான் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். சம்பிரதாயம் தெரிந்த கூட்டம், முன்னும் பின்னும் பேசிவிட்டு மாப்பிள்ளையின் தாய்மாமன் வெற்றிலைத் தட்டை நடுவில் நகர்த்தினார்.

“உங்க ஊட்டுப் பொண்ண எங்க ஊட்டுக்குக் குடுக்கறீங்களாங்க?”

“குடுக்கறேனுங்க” என்றார் அப்பா.

தாய்மாமன் இன்னும் இரண்டு முறை கேட்பதற்கான வார்த்தைகளை வாயில் வைத்துக்கொண்டு திணறினார். உள்ளேயிருந்து அம்மா, “ஏனுங்க!” என்றாள். வந்தவர்களில் ஒரு கிழவர் மெல்ல, “பொண்ணுக்கு ஏதாச்சும் கொறைங்களா?” என்றே கேட்டுவிட்டார்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“கொறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மறுக்கா நீங்க கேக்காமப் போயிட்டா, எம் புள்ளைக்கு நானு என்னன்னு பதில் சொல்றது?”

நான் எழுந்து காட்டுப் பக்கம் போய்விட்டேன். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வரக் கொஞ்ச நேரமாயிற்று.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் பொண்ணைத் தள்ளிவிட அவசரப்பட்டவர் என்று ஊர் அப்பாவை ரொம்ப நாள் கேலி பேசியது. பிறகு இன்னொரு வீட்டில் இரண்டாவது கேள்விக்கே சரி என்றார்கள். இன்னொரு வீட்டில் முதல் கேள்விக்கே. இன்றைக்கு மலையில் யாரும் எதையும் மூன்று முறை கேட்பதில்லை, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்த வழக்கம் எப்போது, யாரால் போயிற்று என்று கேட்டால் ஊரில் சொல்ல ஆளில்லை. என் அப்பாதான் அதை முதலில் விட்டவர். எனக்காகத்தான் விட்டார்.