கூத்தையா மூட்டத்து இருமல்

சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுவதில் கூத்தையாவைத் தூக்கிச் சாப்பிட இன்னொருவன் பிறந்து வரவில்லை. இதை அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். ஆனால் பொய்யில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், கூலிக்குக் கருவேலம் வெட்டி, அப்புறம் சொந்தமாக மூட்டம் போட்டு, இன்றைக்கு லாரி லாரியாகக் கரி ஏற்றுகிறார். விறகை அடுக்கி, தழை பரப்பி, ஈரமண் பூசித் தீ வைத்த பிறகு, வெளியே வரும் புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே எந்தப் பக்கம் மரம் வெந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். எங்கள் பக்கம் கையை ஊன்றித் தானே எழுந்து நின்ற ஆட்களை எண்ணினால் அவரை விட்டுவிட்டு எண்ண முடியாது.

அப்பேர்ப்பட்ட மனிதரின் வயிற்றில் நெருப்பு வைத்தது ஒரு ஐஸ் பெட்டி.

பெட்டி இறங்கியது பக்கத்துக் காட்டில், காளிராஜின் கொட்டகையில். காளிராஜ், கூத்தையாவிடம் மண் குழைத்துத் தொழில் படித்தவன். தனி மூட்டம் போட்டு நாலு காசு பார்த்தபோதுகூடக் கூத்தையா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டி வந்த பிறகுதான் சோறு இறங்காமல் போயிற்று.

கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் அது பரவுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்று சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் வேலை தொடங்கியிருந்தது. வெளிநாட்டில் ஒரு அறக்கட்டளை பணம் கொடுத்தது. ஊர்க்காரர்களையும் குழுவில் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது பணம் கொடுத்தவர்கள் போட்ட கட்டளை. வியாழக்கிழமைதோறும் வெள்ளைக் கார் வரும். இருமல், காய்ச்சல் உள்ளவர்களின் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவார்கள்.

அந்த வேலைக்கு வந்த ராமநாதபுரத்துப் பெண் சிநேகா முதலில் ஏறி வந்தது கூத்தையாவின் மூட்டத்துக்குத்தான். இங்கே யாருக்காவது இருமல் இருக்கிறதா என்று பணிவாகத்தான் கேட்டாள். மூட்டக்காட்டில் இருமல் ஒரு நோயே கிடையாது. இருமாத ஆளைப் பார்த்தால், இவன் வேலை செய்தானா என்றுதான் சந்தேகப்படுவார்கள். அதோடு கூத்தையாவுக்கு இன்னொரு நினைப்பும் ஓடியது. கொரோனாக் காலத்தில் நோய் வந்த தெருவைத் தகரம் வைத்து அடைத்ததை அவர் பார்த்திருக்கிறார்; மூட்டத்தையும் அப்படி அடைத்துவிட்டால்?

“அது மூட்டப் புகை தாயி. சளி காச்சலெல்லாம் எங்க மூட்டத்துக்குள்ள காலு வைக்காது” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி அனுப்பினார்.

காளிராஜ் அப்படிச் சொல்லவில்லை. புகையா நோயா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றான். முடிந்தது கதை. பெட்டி அங்கே இறங்கியது. ஊர்க்குழுவில் அவனுக்கு ஒரு இடம் கிடைத்தது. ராமநாதபுரத்தில் கூட்டம் போட்டு, பணம் கொடுத்தவர்களின் பக்கத்தில் அவனை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவை டீக்கடையில் ஒருவன் போனில் காட்ட, கூத்தையா பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டார்.

வியாழக்கிழமை வந்தால் அவர் கண் புகையில் நிற்காது. கார் எவ்வளவு நேரம் நிற்கிறது, யார் இறங்குகிறார்கள், காளிராஜ் எப்படிச் சிரிக்கிறான் என்று அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு வியாழக்கிழமை அவருடைய மூட்டத்தில் ஒரு பக்கம் மண் விரிசல் விட்டுக் காற்று புகுந்து, மரம் கரியாகாமல் சாம்பலாகிப் போனது. அவர் கைபட்ட மூட்டம் சாம்பலானது அதுதான் முதல் தடவை.

மார்கழிப் பனியில் காட்டையே ஒரு இருமல் பிடித்தது. அப்போது ஒரு வியாழக்கிழமை விடிந்தும் அவருடைய ஆட்கள் ஒருவரையும் காணோம். தேடிப் போனால், காளிராஜ் கொட்டகை வாசலில் துண்டைப் போர்த்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் இருந்தவள் ராக்கு. அவர் மூட்டத்தில் தொடக்கத்திலிருந்தே கரி பொறுக்குகிறவள்.

காளிராஜ் எழுந்து, “வாங்கண்ணே, உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. யாரைக் கேட்டு இங்கன வந்தீக என்று ராக்குவிடம்தான் பாய்ந்தார்.

ராக்கு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: “பொக இருமலு படுத்தா அடங்கிரும்யா. இது ஒடம்பெல்லாம் அனலாக் கொதிக்குது. நோயில்லைன்னு நீங்க சொன்னீக. எங்களுக்கு இருக்கே.”

கூத்தையா சிநேகா பக்கம் திரும்பினார். இவர்களிடம் குச்சியில் எடுக்கும் சளியெல்லாம் காளிராஜ் மூட்டத்து வரவாகவே பதிவாகும் என்றாள் அவள்.

“எங்க ஆளுக இருமலு எப்பிடி தாயி அவன் பேர்ல போகும்?”

“ஒங்க மூட்டம் இதுல இல்லயேய்யா. சேக்கணும்னா, அங்கன நோய் இருக்குன்னு நீங்க வாய்விட்டுச் சொல்லணும்.”

கொட்டகை முழுக்க அவரையே பார்த்தது. இல்லை என்றால் தான் சொன்ன பேச்சு மட்டும் மிஞ்சும். தன் ஆட்கள் ஒவ்வொருவராக அவன் கணக்கில் போய்ச் சேர்வார்கள். இருக்கிறது என்றால், அத்தனை நாள் அடித்த தம்பட்டம் அவன் வாசலிலேயே கிழியும். தொண்டையைச் செருமினார். செருமல் இருமலாகி, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினார். யாரும் சிரிக்கவில்லை.

நிமிர்ந்து, இவன் மூட்டத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டார். நாலு பேர் என்றாள் சிநேகா.

“எங்கள்ல ஒம்பது. என்னையச் சேத்தாப் பத்து. எழுதிக்க தாயி, கூத்தையா மூட்டம்னு தனியா எழுது.”

ராக்குவுக்கு மூச்சு சரியில்லை, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள் சிநேகா. காளிராஜ் தன் வண்டிச் சாவியை எடுத்தான். கூத்தையா அவன் கையை மறித்து, தன் டிரைவரைக் கூப்பிட்டு, ராக்குவைத் தன் வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார். பிறகு அவன் போட்ட நாற்காலியை அவனுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, குச்சிக்கு வாயைத் திறந்தார்.