ஓலை வாசித்தபோது எழுந்து நின்றவள்

நான் அந்தோணி. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அந்தக் காலத்தில் நல்லவனாக இருந்தேன் என்று இந்தக் கோயிலில், ஆண்டவருக்கு முன்னால் பொய் பேச நான் வரவில்லை. குடிகாரனாக இருந்தேன். காலையில் ஒரு மடக்குக் கசிப்புச் சாராயம் உள்ளே போகாவிட்டால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது. கை அப்படி நடுங்கும்.

அப்படிப்பட்டவனையும் கட்டிக்கொள்ள ஸ்டெல்லா சம்மதித்தாள். குடியை விடுவேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தேன். கோயிலில் எங்கள் கல்யாண ஓலையை, அதாவது கல்யாண அறிவிப்பை, இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவதும் வாசித்துவிட்டால் கல்யாணம்.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. மத்தியானமே மூக்குமுட்டக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். லயத்து வரிசை வீடுகளில் எல்லாக் கதவும் ஒன்று போலத்தானே இருக்கும்? நான் நுழைந்தது ஸ்டெல்லாவின் வீடு. அவள் அம்மாவை என் அம்மா என்று நினைத்துச் சோறு கேட்டு அதட்டினேன். சோறு போட்டவள் ஸ்டெல்லா. அவளை நிமிர்ந்து பார்த்து, "நீ யாரு? எங்க வீட்டுல ஒனக்கு என்ன வேலை?" என்று கேட்டேனாம்.

போதை இறங்கின பிறகு என் தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது. முழங்காலில் விழுந்து அழுதேன். "ஆண்டவரே, என்னால நிறுத்த முடியல. யாரையாவது விட்டு நீங்களே என்னைய நிறுத்துங்க."

மறுநாள் பூசையில் ஃபாதர் ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். ஸ்டெல்லா எழுந்து நின்றாள்.

"எனக்குத் தடை இருக்கு ஃபாதர்."

"நீதானேம்மா பொண்ணு?"

"அதனாலதான் சொல்றேன். என்னையவே யாருனு கேக்குறாரு. நான் யாருனு ஞாபகம் வந்தப்புறம் வாசிங்க."

கோயிலே சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெளியே வந்து, சாராயம் விற்கிற இடத்துக்குத்தான் விறுவிறுவென்று நடந்தேன். பாதி வழியில் சுரீரென்று உறைத்தது. நேற்று நான் என்ன கேட்டேன்? யாரையாவது விட்டு நிறுத்துங்க என்றுதானே? அடப்பாவி, நிறுத்திவிட்டாரே! திரும்பிப் போய், "என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க ஃபாதர்" என்றேன்.

அங்கே பட்ட பாடு கொஞ்சமல்ல. உடம்பு உதறியது. இல்லாத பூச்சியெல்லாம் சுவரில் ஊர்ந்தது. நாலைந்து நாள் கழித்துப் பார்க்க வந்தவளிடம், "நீ ஸ்டெல்லா" என்றேன்.

"பரவாயில்லையே, தேறிட்டீங்க" என்று சிரித்தாள். பிறகு அழுதாள்.

ஒரு வருஷம் காத்திருந்துதான் என்னைக் கட்டினாள். சாராயம் இல்லாமல் ஒரு கல்யாண வீடா என்று முகம் சுளித்தவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்தோம்.

மருந்து காப்பாற்றியது, இதில் ஆண்டவருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி முன்னாலும் அங்கேதான் இருந்தது. என் காலை அந்தப் பக்கம் திருப்பியது யார்? கேலி பேசுங்கள். போத்தலை நீட்டிப் பாருங்கள். வேண்டாம் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லுவேன்.

குடியோடு மல்லுக்கட்டுகிற சகோதரரே, நல்லவனான பிறகு ஜெபிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். நாறுகிற வாயோடேயே கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். இனி விழவே மாட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்; சத்தியம் செய்தே கெட்டவன் நான். ஆனால் விழுந்தால் ஒளிய மாட்டேன். இதே கோயிலில், நீங்கள் எல்லோரும் பார்க்க, முன் பெஞ்சில் வந்து முழங்கால் போடுவேன்.