கேட்காமல் நடந்த புல்வெளி

நாங்கள் இருக்கும் இடம் இன்று லண்டன். முன்பு இது தனிக் கிராமம். ரயில் வந்து வயலெல்லாம் வீடாகிவிட்டது. பழைய தேவாலயமும் அதற்குப் பின்னாலுள்ள புல்வெளியும்தான் மிச்சம். அங்கே ஊர்ச்சனம் வாத்து மேய்த்தார்கள், அலைந்து திரிந்த கட்டாக்காலி மாடுகளை அடைத்து வைத்தார்கள் என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சொல்லுவாள். அவளுக்கு ஊர் வரலாறுதான் மூச்சு. எனக்கு வாத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அங்கே மாடிக்கட்டடம் எழுப்பப் போவதாக ஒரு கம்பனி பலகை நட்டதும் வயிறு எரிந்தது. மூன்றாம் மாடியில் பிள்ளை வளர்த்தவள் நான்; கால் வைக்க இருந்த மண் அது ஒன்றுதான்.

வெள்ளைக்காரி வீட்டுக்கு வந்து சட்டத்தை விளக்கினாள். ஊரவர்கள் இருபது வருடம் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு நிலத்தைப் பாவித்திருந்தால் அதை ஊர்ப் புல்வெளியாகப் பதியலாம். பிறகு ஒருவரும் அதில் கட்ட முடியாது. அனுமதி கேட்டுப் பாவித்திருந்தால் அந்தப் பாவனை செல்லாது. சாட்சிக்கு அவள் கேட்டது என் கணவரை. ஞாயிறு பூசை முடிய இவரும் கூட்டாளிகளும் அங்கே வலை கட்டிக் கரப்பந்து விளையாடுவது எல்லோருக்கும் தெரியும். தேத்தண்ணீர் கொடுத்த என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அவள் போனதும் இவர் முகம் கறுத்தது.

"கேக்காமல் விளையாடினனாங்கள் எண்டு எப்பிடியப்பா சொல்லுறது? முதல் நாளே காணிக்காரன்ர காவல்காரனிட்டக் கேட்டனான். ஓம் எண்டவன்."

"அதை அவளிட்டச் சொல்லியிருக்கலாமே? வாயில என்ன கொழுக்கட்டையே?"

"சொன்னால் அழுதிடுவாள்."

"நாளைக்கு விசாரணையில கேட்டால்?"

"பொய் சொல்லமாட்டன். களவாய் மற்றவன்ர காணிக்குள்ள பூந்தனான் எண்டும் சொல்லமாட்டன்."

"அப்ப என்னத்துக்குப் போறியள்?"

இவர் நாளைக்குப் போட வேண்டிய சட்டையை எடுத்து இஸ்திரி போடத் தொடங்கினார்.

விசாரணை கவுன்சில் மண்டபத்தில் நடந்தது. கம்பனியின் சட்டத்தரணி மெல்லிய குரல்காரன். எத்தனை பேர் விளையாடினார்கள், வலை எங்கே கட்டினார்கள் என்று சும்மா கேட்டுக்கொண்டு வந்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றினான்.

"நீங்கள் மரியாதையான மனிதர். இன்னொருவர் நிலத்தில் கம்பம் நடுமுன் கேட்டிருப்பீர்களே?"

இவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வெள்ளைக்காரி கண் வெட்டாமல் பார்த்தாள். மாதாவே, ஒரு பொய், ஒரேயொரு பொய் என்று நான் மன்றாடினேன்.

"கேட்டேன்," என்றார் இவர். "நாங்கள் கள்ளர் இல்லை."

சட்டத்தரணி நன்றி சொல்லி அமர்ந்தான். வெள்ளைக்காரி முகத்தை மூடினாள். எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. மரியாதையையே சுருக்குக் கயிறாக்கியவன் மேலா, அதில் தலையை நீட்டியவர் மேலா? எழுந்து, நானும் பேச வேண்டும் என்றேன்.

"இரும் அப்பா," என்றார் இவர். "மானத்தை வாங்காதையும்."

"உங்கட மானம் போய் முடிஞ்சுது. இனி என்ர."

விசாரணை அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு என்னை அழைத்தார். சட்டத்தரணி திரும்ப எழுந்தான்.

"கணவர் அனுமதி வாங்கியது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். அது வலை கட்ட. நான் வலை கட்டவில்லை. ஷிப்டுக்கு முன் இருபது வருடத்துக்கு மேலாக நடந்தேன். பிள்ளையை அங்கேதான் நடக்கப் பழக்கினேன். அழுகை வந்தால் அங்கே போய் அழுதேன்."

"அதற்கு யாரிடம் கேட்டீர்கள்?"

"ஒருவரிடமும் இல்லை. இவரிடம்கூட."

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"ஒரு பெண் நடந்தால் அது ஊர் ஆகாது."

அது சரிதான். அதனால்தான் சுட்டது. என்னைப் போல வேறு ஆட்கள் உண்டா என்று அதிகாரி கேட்டார். எத்தனையோ பெண்கள் என்றேன். அப்படியானால் நாளைக் காலை கூட்டி வரச் சொன்னார்.

நடைவழியில் நின்றே போன் அடித்தேன். என்னோடு நடக்கும் ஒருத்தி இழுத்தாள்.

"அக்கா, நாளைக்கு ஷிப்ட். மனேச்சரிட்டக் கேக்கோணும்."

"கேட்டுக் கேட்டுத்தான் ஒருத்தர் இண்டைக்குக் கவிட்டுப்போட்டு நிக்கிறார். கேளாதை. வா."

இவர் பக்கத்தில்தான் நின்றார். சுவரைப் பார்த்தார்.

இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. காலையில் வந்தார்கள். வேலைச் சட்டையோடு சிலர், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு குஜராத்திப் பெண், நாயோடு இரண்டு வெள்ளைக்காரிகள். ஒவ்வொருத்தியிடமும் சட்டத்தரணி அதே கேள்வியைக் கேட்டான். ஒருத்தியும் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

பல மாதம் கழித்து முடிவு வந்தது. புல்வெளி பதிவானது. கம்பனி பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனது. எங்கள் நடை செல்லுமாம். கரப்பந்து செல்லாதாம். இவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"உண்மையைச் சொன்னவன்ர சாட்சியை மட்டும் வெட்டிப்போட்டாங்கள், பாத்தீரே?"

நாங்களும் உண்மைதான் சொன்னோம் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கேட்டவனுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.