மாடில்லாத வாசல்

எண்பதுகளின் கடைசியில் லண்டன் குரோய்டனில் இருந்த குடிவரவு அலுவலகத்துக்கு என்னை அகதி விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோனது. நான் இலங்கையில், பழைய தலைநகரான பொலன்னறுவையில் வளர்ந்தவள் என்பதை வாயால்தான் நிரூபிக்க வேண்டும். நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று எனக்குப் பயம்.

பெரியம்மாவின் மகன், எனக்கு முன்பே லண்டன் வந்த அண்ணை, நூலகத்தில் இலங்கையின் பழைய சிற்பங்கள் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்து பாடமாக்க வைத்தார். அந்தக் காலத்துப் புத்த விகாரைகளின் வாசற்படியில் அரைவட்டக் கல் ஒன்று பதித்திருக்கும். சந்திரவட்டக்கல் என்போம். அதை மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

"அதில யானை, குதிரை, சிங்கம், மாடு செதுக்கியிருக்கு. மறந்திடாதை."

"எங்கட ஊர்க் கல்லில மாடு இல்லை அண்ணை."

"புத்தகத்தில கிடக்கு. உனக்கென்ன தெரியும்?"

அவர் பொலன்னறுவைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

விசாரணையில் ஊரைப் பற்றியும் அந்தக் கல்லைப் பற்றியும் கேட்டார்கள். மாடு இல்லை என்றே சொன்னேன். அதிகாரி ஒரு புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினார். மொழிபெயர்த்த தமிழ்நாட்டு அம்மா, "இதுல மாடு இருக்கேம்மா, பாருங்க" என்றார். எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"இது அனுராதபுரம்! முந்தின தலைநகரம். எங்கட ஊர் அதுக்குப் பிறகு தலைநகரமா வந்தது. இடையில சோழரும் ஆண்டவை. மாடு நந்தியெல்லோ? அதை மிதிக்க ஏலாதெண்டுதான் பிறகு செதுக்காமல் விட்டவையாம்."

அதிகாரி படத்தின் கீழிருந்ததை வாசித்தார். அனுராதபுரம்தான். சில பக்கங்கள் தள்ளி பொலன்னறுவைக் கல்லைக் கண்டுபிடித்து, விரலால் ஒவ்வொரு மிருகமாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சில மாதங்களில் இங்கேயே இருக்கலாம் என்று கடிதம் வந்தது. வாசலில் நின்றே அழுதேன். "நான் படிப்பிச்சதுதானே" என்று அண்ணை பெருமையடித்தார். நானும் சந்தோஷத்தில் அவரைத் திருத்தாமல் விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளில் கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்று, அண்ணை ஒரு கால்மிதி கொண்டுவந்தார். நடுவில் கொழுத்த பசு ஒன்று நின்றது. வாசலில் விரிக்கக் குனிந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கட வாசலில மாடு இல்லை அண்ணை."

ஒரு கணம் முழித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவரே ஆணி அடித்து அதைச் சுவரில் மாட்டினார்.