சந்து முனை வரைதான் பெரிய வண்டி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூரிலிருந்து கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரிக்கு வீடு மாறினோம். கணவர் செந்திலுக்கு அங்கே பக்கத்தில் தேவராவில் வேலை. வாடகை கட்டுப்படியாகும் என்று பஜார் ரோட்டை ஒட்டிய சந்துக்குள் ஒரு வீடு பிடித்திருந்தோம். இந்தப் பக்கம் சாமானோடு வரப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். மகள் யாழினி தூங்கியபிறகுதான் எழுத முடிகிறது. இதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் அவள் மூச்சைக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். மூன்று வயது. தூசி பட்டால் இளைப்பு வரும்.

செந்தில் சொன்னது குட்டி யானை. அந்தச் சின்ன பிக்கப்தான். சந்து வீட்டுக்கு அதுதான் சரி, மிச்சத்தை அடுத்த வாரம் ஏற்றிக்கொள்ளலாம் என்றார். பாதி வீடு அங்கே, பாதி வீடு இங்கே என்று கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர்தான் உட்காரலாம், அவர் தனியே பஸ்ஸில் வரவேண்டும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்தத் தீப்பெட்டிக்குள் குழந்தையோடு நான் மட்டுமா? பிடிவாதமாகப் பத்தடிப் பெட்டி உள்ள பெரிய பிக்கப்பையே பேசினேன். 9,500 ரூபாய், டோல் தனி.

யாழினியின் நெபுலைசர் பெட்டியை யார் கையிலும் கொடுக்கவில்லை. நானே ஏறி, கேபினை ஒட்டி, பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில் செருகினேன். உடையவும் கூடாது, நனையவும் கூடாது. வண்டியிலேயே பத்திரமான இடம் அதுதான்.

காலை 4.30க்குக் கிளம்பினோம். மொத்தம் 190 கிலோமீட்டர். உள்ளதைச் சொல்ல வேண்டும், ஹைவேயில் பெரிய வண்டி சுகம். குதிரான் குகைக்குள் லாரிகள் உரசுகிற மாதிரி போனபோதும் ஆடவில்லை. ஓட்டிவந்த முருகேசண்ணன் பாட்டைக் குறைக்கச் சொன்னதும் குறைத்தார். திருச்சூர் தாண்டி இட்லி, சாயா, பெரியவர்கள் மூன்று பேருக்கும் 160 ரூபாய். தோப்பும்படி, சுள்ளிக்கல் வழியாக மட்டாஞ்சேரி வந்தபோது மணி 11.15.

சந்து முனையில் முருகேசண்ணன் மூன்று முறை ஒடித்துப் பார்த்தார். மூக்கு நுழைந்தால் வால் கிடங்குச் சுவரில் இடித்தது. வீடு இன்னும் 350 மீட்டர் உள்ளே. எதிர்க் கிடங்கில் சுக்கு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மூட்டை விழ விழத் தூசி பறந்து வந்தது. யாழினி இருமத் தொடங்கினாள்.

கைப்பையில் இருந்த இன்ஹேலரைக் கொடுத்தேன். அடங்கவில்லை. அடுத்து நெபுலைசர், அதற்கும் கேட்காவிட்டால் ஆஸ்பத்திரி என்பது எங்கள் டாக்டர் சொல்லியிருந்த வரிசை. நெபுலைசர் பத்தடிச் சாமானுக்கு அந்தப் பக்கம். செந்தில் பக்கப் பலகையில் தொற்றி ஏறினார். பெட்டியின் மூலை தெரிகிறது, கை எட்டவில்லை என்றார்.

பின்னால் ஒரு குட்டி யானை ஹாரன் அடித்தது. காலி வண்டி. ஓட்டி வந்தவர் பெயர் நவாஸ், அரிசிக் கடைகளுக்கு லோடு அடிப்பவர். இறங்கி, சந்தையும் எங்கள் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று நடையில் எல்லாவற்றையும் வீட்டு வாசலில் போடுவதாகவும், நடைக்கு 300 ரூபாய் என்றும் சொன்னார்.

முருகேசண்ணனுக்கு ரோஷம். "என் ஸ்டெப்னிய வெச்சாலே இது நெறஞ்சுரும், தம்பி."

"நெறயட்டே அண்ணா. நெறஞ்சாலும் இது உள்ள போகும்." பிறகு என்னிடம், "சேச்சி, மோளைத் தூக்கிட்டு முன்னாடி ஏறிக்கோ. இந்தப் பொடியில நிக்க வேண்டா."

முதல் நடையில் கட்டிலும் பாத்திர மூட்டைகளும் வந்தன, கூடவே நாங்களும். செந்தில் பெட்டியைத் தோண்டி எடுக்க அங்கேயே நின்றுவிட்டார். அந்தச் சந்தில் ஸ்கூட்டர்களை உரசாமல் நவாஸ் ஒரு கையால் வளைத்துப் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாழினி மூடவில்லை.

காலி வீட்டில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தேன். தூசி இல்லாததில் இருமல் குறைந்த மாதிரி இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. அடுத்த நடையிலும் பெட்டி வராவிட்டால் நேரே ஆஸ்பத்திரி என்று முடிவு செய்தேன். இரண்டாவது நடை வந்து நின்றபோது வாசலுக்கு ஓடினேன். நவாஸ் பின் கதவைத் திறக்கவில்லை. தரையில் நின்றபடியே பக்கப் பலகைக்கு மேலாகக் கையை விட்டு, மெத்தைமேல் இருந்த பெட்டியை எடுத்து நீட்டினார்.

"இதுக்கா சேட்டன் பீரோவோட குஸ்தி போட்டது?"

பிளக் பாயின்ட் தேடி மாட்டினேன். இருபது நிமிடத்தில் யாழினி எழுந்து, அந்தக் குட்டி வண்டியில் இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டாள். மூன்றாவது நடைக்கு அவளையும் கூட்டிப்போகச் சொல்லி அழுதாள். விடவில்லை.

நான் வண்டியை ஹைவேக்காகப் பார்த்து எடுத்திருந்தேன். ஹைவே முடிந்த இடத்தில்தான் வீடு இருந்தது. வாசல்வரை அகலச் சாலை உள்ளவர்கள் தாராளமாகப் பெரியதை எடுங்கள். மட்டாஞ்சேரி சந்துக்கு வருகிறவர்கள் சின்னதை எடுங்கள், இரண்டு நடை ஆனாலும். பஜார் ரோட்டில் மூட்டை இறங்கும் காலை வேளையைத் தவிர்த்து மதியத்துக்குமேல் வந்து சேருங்கள். உள்ளூர்ச் சுமை ஆட்களை வைத்தால் கூலியை முன்பே பேசிவிடுங்கள். எதற்காக அதிகம் பயப்படுகிறீர்களோ, அதைக் கடைசியாக ஏற்றுங்கள்.

நெபுலைசர் பெட்டி இப்போது வாசல் கதவை ஒட்டிய அலமாரியில், கை நீட்டினால் எட்டும் தட்டில் இருக்கிறது. வந்த நாளுக்குப் பிறகு திறக்க வேண்டி வரவில்லை. ஆனாலும் வெளியே போகும்போதெல்லாம் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.