உரித்த லேபிள்

தாஹிரா தண்ணீரைக்கூட வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள் என்று கம்பெனியில் கிண்டல் செய்வார்கள். அதில் பாதி உண்மை. கெலமங்கலத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் ஓசூர் சிப்காட்டுக்கு வந்து, பிரேக் உதிரிப் பாகங்களைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லதை ஏற்பதும் கெட்டதைத் தள்ளுவதுமாகப் பதினெட்டு வருஷம் ஓட்டியவள். கேன்டீனில் கோழிக் குழம்பு போடும் நாளில் அவளுக்குத் தயிர் சோறுதான். அறுத்தது யார், எப்படி அறுத்தான் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

நாற்பத்தாறாவது வயதில் கணையம் கெட்டது. தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை. கொழுப்பெல்லாம் செரிக்காமல் அப்படியே வெளியேறியது. ஐம்பத்தாறு கிலோ இருந்தவள் நாற்பத்தெட்டுக்கு வந்தாள். பெங்களூரிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ஓசூர் வந்துபோகும் டாக்டர் முத்துக்குமார் ஒரு கேப்ஸ்யூல் எழுதினார்.

"ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டோட போடணும்மா. இது இல்லாம நீங்க தேற மாட்டீங்க."

ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வேலை பார்க்கும் முனிலட்சுமி கொடுத்த மற்ற மாத்திரைகள் அட்டையோடு வந்தன. இது மட்டும் டப்பாவில் வந்தது. டப்பாவில் லேபிள் இல்லை; சுற்றிப் பிசுபிசுவென்று பசை, நகத்தால் சுரண்டிய கோடுகள். தாஹிராவுக்கு அது போதும். வரிசை எண்ணைச் சுரண்டிய பாகம் எதையும் அவள் இதுவரை ஏற்றதில்லை. சுரண்டுகிறவன் எதையோ மறைக்கிறான். டப்பா பீரோவுக்குள் போனது.

மூன்று வாரத்தில் எடை நாற்பத்துநாலு. பஸ் படி ஏறும்போதே கண் இருட்டியது. டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே முனிலட்சுமியிடம் போனாள்.

"இத யாரு சொரண்டுனது?"

"தெர்லக்கா. வரப்பவே அப்டித்தான்..."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

முனிலட்சுமி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர்தான் லேபிள எடுத்துட்டுக் குடுன்னாருக்கா. பன்னிக் கணையத்துல இருந்து எடுக்கறதாம். தெரிஞ்சா நீ போட மாட்டன்னு..."

"நீயும் உரிச்சுக் குடுத்துட்ட."

"உனக்கு நல்லதுன்னு சொன்னாருக்கா."

அன்று மாலை தாஹிரா பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டாள். அவர் முழுவதும் கேட்டார். உயிர் காக்க வேறு மருந்தே இல்லையென்றால் விலக்கப்பட்டதும் ஆகும், தேவையான அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் வேறு வழி இல்லை என்பதை மருத்துவம் தெரிந்த, நம்பத்தக்க ஒருவர் சொல்ல வேண்டும். "உங்க டாக்டர் நம்பத்தக்கவர்தானே?" என்று உருதுவில் கேட்டார்.

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லித் தாஹிரா போனை வைத்தாள். மார்க்கம் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. அந்தக் கதவின் சாவி டாக்டரின் நாணயம். அதைத்தான் அவர் லேபிளோடு சேர்த்து உரித்துக் குப்பையில் போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏம்மா, மாத்திர போடலியா? இப்படி எளச்சுட்டீங்க?"

"பன்னியில செஞ்சதுன்னு ஏன் சார் சொல்லல?"

டாக்டர் பேனாவை மூடினார். "உங்க ஆளுங்க அந்தப் பேரக் கேட்டாலே உயிர் போனாலும் தொட மாட்டீங்க. உங்க நல்லதுக்குத்தான்."

"எங்க ஆளுங்கள்ல எத்தன பேரக் கேட்டீங்க?"

"எல்லாத்தயும் பேஷன்ட்டுக்கு வெளக்க முடியுமா?"

"என்னக் கேட்டீங்களா சார்?"

"...கேக்கல."

"கேட்டிருந்தா அன்னிக்கே போட்டிருப்பேன். நாலு கிலோ மிச்சம் ஆகியிருக்கும்."

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். பூஞ்சையிலிருந்து எடுக்கும் மாத்திரை ஒன்று இருக்கிறது, அது உங்கள் அளவுக்குப் போதாது என்றார். தாஹிரா கேட்டுக்கொண்டாள். ஆனால் எதைக் கொண்டு நம்புவது? முதலில் மறைத்த வாய், இப்போதும் எதையாவது விட்டுவிட்டுப் பேசாது என்று யார் சொன்னது? நல்லெண்ணத்தின் பேரில் ஒருவரை ஏமாற்றிவிட்டு, பிறகு அவரே நம்பவும் வேண்டும் என்று எதிர்பார்ப்பது படித்தவர்களின் திமிர்.

"எதுல செஞ்சது, ஏன் வேற ஆகாது, ரெண்டயும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

டாக்டரின் முகம் கடுத்தது. ஆனாலும் எழுதினார்.

அடுத்த நாள் லீவு போட்டு அந்தத் தாளோடு கிருஷ்ணகிரி போனாள். அங்கே கிருபாராணி என்ற டாக்டரிடம் தாளைக் காட்டாமலேயே, தன் ரிப்போர்ட்டுகளை மட்டும் முதலில் நீட்டினாள். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுக்கு ஒரே மருந்துதாம்மா சரியா கேக்கும். பன்னிக் கணையத்துல எடுக்கறது. உங்களுக்கு அது ஒத்துக்குமா, யார்கிட்டயாவது கேக்கணுமா? கேட்டுட்டு வாங்க, ஆனா நாள் கடத்தாதீங்க."

தாஹிரா முத்துக்குமார் எழுதிய தாளை வெளியே எடுக்கவேயில்லை. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இரண்டு இட்லி வாங்கி, பிஸ்மில்லா சொல்லி, பையில் இருந்த டப்பாவைத் திறந்து, முதல் வாயோடு கேப்ஸ்யூலை விழுங்கினாள்.

ஒரு மாதம் கழித்து முனிலட்சுமி போன் செய்தாள். "டாக்டர் கேக்கறாருக்கா, வெய்ட் ஏறிச்சான்னு."

"ரெண்டு கிலோ ஏறிச்சுன்னு சொல்லு."

"செவ்வாய்க்கெழம டோக்கன் போடட்டுமா?"

"வேணாம். நா கிருஷ்ணகிரியில பாக்கறேன்."